பெர்க் மூங்கில் அயலா, சொந்தமா? தூர்கட்டும் மலைமூங்கில் பற்றி ஒரு விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில் வீடு விற்கப் போகிறவர்கள் பலர் ஒரு கேள்வியில் வந்து திகைக்கிறார்கள். 2014-இல் முதலில் வந்து பின்னர் புதுப்பிக்கப்பட்ட விதிகளின்படி, அரசுப் பட்டியலில் உள்ள அயல் ஆக்கிரமிப்புச் செடி மனையில் இருந்தால், விற்கிறவர் அதை வாங்குகிறவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உண்ணிச்செடி என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, இருக்கிறது என்று எழுதிவிடலாம். பின்வேலி ஓரத்தில் தாத்தா காலத்திலிருந்து நிற்கும் மூங்கிலை என்னவென்று எழுதுவது? ‘மூங்கில் எல்லாமே அயல், தோண்டி எறி’ என்கிறார் ஒருவர். ‘டிராக்கன்ஸ்பெர்க் மலையில் தானாக வளர்கிறதே, அது எப்படி அயல்?’ என்கிறார் அடுத்தவர். இருவரும் வெவ்வேறு செடியை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்பதுதான் சிக்கலே.

மலையில் தானாக வளர்வது உண்மை. அது தூர்கட்டி நிற்கும், குளிருக்கு அசையாத, இந்த மண்ணுக்கே உரிய மூங்கில். டர்பன் புறநகர்களான சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு வாசலில் முளைக்கும் மூங்கிலுக்கும் அதற்கும் தூரத்து உறவு மட்டுமே உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வீடு விற்கும் படிவத்துக்கும் பதில் கிடைக்கும், தோட்டத்துக்கும் ஒரு நல்ல செடி கிடைக்கும்.

## மூங்கில் என்பது ஒரு செடியின் பெயர் அல்ல

மூங்கில் புல் குடும்பம். கரும்பும் நெல்லும் சோளமும் அதன் சொந்தக்காரர்கள். உலகில் 1,600-க்கு மேற்பட்ட மூங்கில் இனங்கள் உண்டு. வெப்பமண்டலத்துப் பருத்த மூங்கில்கள் ஒரு கூட்டம், குளிர்நாட்டு மூங்கில்கள் இன்னொரு கூட்டம், காட்டுத் தரையில் புல்லாகவே கிடக்கும் சிறு மூங்கில்கள் மூன்றாவது. தமிழில் வேய், கழை, வெதிர், அமை என்று பல சொற்கள் இருந்தும் இன்று எல்லாவற்றையும் ‘மூங்கில்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

இந்த மாகாணத்தில் ‘மூங்கில்’ என்று பெயர் வாங்குபவை பெரும்பாலும் இந்த நான்கு:

1. பம்பூசா பால்கூவா. பழைய தோட்டங்களிலும் பண்ணை ஓரங்களிலும் நிற்கும் தடித்த, உயர்ந்த மூங்கில். வடகிழக்கு இந்தியா, வங்காளப் பக்கத்துச் செடி. தூர்கட்டும், ஓடாது. ஆனால் தூர் ஒரு லாரி அளவுக்குப் பெருத்துவிடும்.

2. ஃபைலோஸ்டாக்கிஸ் ஆரியா. தங்க மூங்கில் என்று நர்சரியில் விற்பார்கள். சீனத்துச் செடி. இது ஓடும். அக்கம்பக்கச் சண்டைகளில் பெரும்பாலும் குற்றவாளி இதுதான்.

3. அருண்டோ டோனாக்ஸ். இது மூங்கிலே இல்லை, பெருநாணல். ஆற்றோரத்தில் கூட்டமாக நிற்கும். தென்னாப்பிரிக்கப் பட்டியலில் 1பி பிரிவில் இருக்கிறது. அதாவது கட்டுப்படுத்தியே ஆக வேண்டிய செடி. மூங்கிலுக்கு வந்த கெட்ட பெயரில் ஒரு பங்கு இதனுடையது.

4. பெர்க் மூங்கில். ஆஃப்ரிக்கான்ஸில் பெர்க்பாம்பூஸ். தாவரவியல் பெயர் பெர்க்பாம்போஸ் டெஸ்ஸலேட்டா. தென்னாப்பிரிக்காவின் சொந்த மூங்கில் என்று சொல்லப்படுவது இது.

முதல் மூன்றையும் கடலோரத்தில் தினம் பார்க்கிறோம். நான்காவதைப் பார்க்க வேண்டுமானால் டிராக்கன்ஸ்பெர்க் அடிவாரத்து அண்டர்பெர்க் பக்கம் வண்டியை விட வேண்டும்.

## எல்லாம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது

ஒரு மூங்கில் நல்லதா தொல்லையா என்பதை அதன் உயரமோ இலையோ சொல்லாது. மட்டத்தண்டு சொல்லும். மண்ணுக்குள் கிடையாகப் போகும் தண்டு அது. இஞ்சிக் கிழங்கை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். அதில் இரண்டு வகை உண்டு.

தூர்கட்டும் வகையில் மட்டத்தண்டு குட்டையாக, தடித்து, கொக்கி போல மேல்நோக்கி வளைந்திருக்கும். வளைந்த அதன் நுனியே மண்ணை விட்டு வெளியே வந்து புதுக் கழியாகிவிடுகிறது. ஒரு மட்டத்தண்டுக்கு ஒரு கழி, அத்தோடு அதன் பயணம் முடிந்தது. அடுத்தது அதன் பக்கவாட்டு மொட்டிலிருந்து கிளம்பும், அதுவும் உடனே மேலே வளைந்துவிடும். ஆகவே தூர் வெளிப்பக்கமாக மெல்ல மெல்லத்தான் பருக்கிறது. வருஷத்துக்கு ஒரு சாண் விரிந்தால் அதிகம்.

ஓடும் வகையில் மட்டத்தண்டு மெலிந்து, நீண்டு, நுனி எப்போதும் கிடையாகவே போய்க்கொண்டிருக்கும். கழி முளைப்பது கணுக்களில் உள்ள பக்க மொட்டுகளிலிருந்து. நுனிக்கு எந்த வேலையும் இல்லை, ஓடுவதைத் தவிர. ஒரே பருவத்தில் பல மீட்டர் போய்விடும். சுவரின் அடியில் நுழையும், நடைபாதைக் கல்லைத் தூக்கும்.

தெரிந்துகொள்ள ஒரு சின்ன வேலை போதும். தூரின் வெளியோரத்தில் நிற்கும் கழி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் அடியில் மண்ணை விரலால் கிளறிப் பாருங்கள். கழியின் அடி சட்டென்று தடித்து, ஆட்டுக்கொம்பு போல வளைந்து பக்கத்துக் கழியோடு சேர்ந்தால் தூர்கட்டும் வகை. விரல் மொத்தத்தில் ஒரு மஞ்சள் கயிறு இருபுறமும் நேராகப் போனால் ஓடும் வகை. தங்க மூங்கிலுக்கு மேலேயே இன்னொரு அடையாளமும் உண்டு: கிளை கிளம்பும் கணுவுக்கு மேல், கழியின் ஒரு பக்கம் பள்ளமாகத் தட்டையாகியிருக்கும். விரலை வைத்து இழுத்தால் அந்தப் பள்ளம் தட்டுப்படும். ஒவ்வொரு கணுவிலும் ஒன்று பெரிது, ஒன்று சிறிது என இரண்டு கிளைகள். அடிக்கணுக்கள் நெருங்கி, முடிச்சுப் போட்டது போலிருக்கும்.

பெருநாணலைக் கண்டுபிடிக்க மண்ணைத் தொடவே வேண்டாம். அகலமான இலைகள் கிளையில்லாமல் நேரே தண்டைத் தழுவிக்கொண்டு, சோளத்தட்டை போல இருபுறமும் வரிசையாக நிற்கும். உச்சியில் துடைப்பம் போலப் பூங்கொத்து வரும். வயதான மூங்கிலில் இலை நேரே கழியில் இருக்காது, மெல்லிய கிளைகளில்தான் இருக்கும்.

## பனியில் நிற்கும் மூங்கில்

பெர்க் மூங்கில் டிராக்கன்ஸ்பெர்க்கிலும் லெசோத்தோ பக்கமும் ஈஸ்டர்ன் கேப் மலைகளிலும் ஏறத்தாழ 1,500 மீட்டருக்கு மேல் வளர்கிறது. அங்கே ஜூன், ஜூலையில் இரவெல்லாம் உறைபனி. சில வருஷம் பனிமழையும் பொழிந்து தூரையே மூடிவிடும். போதாக்குறைக்குக் குளிர்காலம் முழுக்க வறட்சி. மழை கோடையில்தான். மைனஸ் 10 டிகிரி வரை இறங்கினாலும் அது பச்சையாகவே நிற்கிறது. பிரிட்டனில் தோட்டக்காரர்கள் திறந்தவெளியில் வளர்க்கிறார்கள்.

உருவத்தில் அது பெரிய ஆள் அல்ல. கழி பெரும்பாலும் இரண்டு ஆள் உயரம், நல்ல இடத்தில் இன்னும் கொஞ்சம் மேல். பருமன் பெருவிரல் அளவு. கழியைச் சுற்றிய மடல் சீக்கிரம் உதிர்ந்துவிடாது. வெளுத்த காகிதம் சுற்றியது போல ஒட்டிக்கொண்டே இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சையும் வெள்ளையும் கலந்து கோடு கோடாகத் தெரிவது அதனால்தான். இலை சின்னது, விரல் அகலம்தான் இருக்கும்.

அந்த இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நீள நரம்புகளுக்குக் குறுக்கே நுண்ணிய நரம்புகள் ஓடி, இலை முழுக்கக் கணக்கு நோட்டுத் தாள் போலக் கட்டம் கட்டமாகத் தெரியும். ‘டெஸ்ஸலேட்டா’ என்ற பெயரே கட்டக் கல் பதித்தது என்ற பொருளில் வைத்ததுதான். குளிர் தாங்கும் மூங்கில்களில் பெரும்பாலும் இந்தக் கட்டம் தெளிவாகத் தெரியும். வெப்பமண்டல மூங்கில் இலையில் நீளக் கோடுகள் மட்டுமே கண்ணுக்குப் படும். ஒரு எச்சரிக்கை: கட்டம் குளிருக்கு அடையாளம், குணத்துக்கு அல்ல. ஓடும் தங்க மூங்கிலும் குளிர் தாங்கும் கூட்டம்தான், அதன் இலையிலும் கட்டம் உண்டு. இலையைப் பார்த்தே ‘இது பெர்க் மூங்கில்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

## பெயர் மாறிய கதையும் நீலகிரி உறவும்

இந்தச் செடியின் பெயர் மூன்று தடவை மாறியிருக்கிறது. பழைய தோட்ட நூல்களைப் புரட்டுகிறவர்கள் குழம்புவது இங்கேதான்.

ஜெர்மன் தாவரவியலார் நேஸ் 1841-இல் இதை நாஸ்டஸ் என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) சேர்த்தார். ரியூனியன் தீவின் மலைக்காடுகளில் ‘கலுமே’ என்று அழைக்கப்படும் மூங்கில் அந்தப் பேரினம். பிறகு இது அருண்டினாரியா ஆனது. 1982-இல் சோடர்ஸ்ட்ராம், எல்லிஸ் என்ற இருவர் ஆராய்ந்து, இமயமலையில் வளரும் தாம்னோகலாமஸ் பேரினத்தில் வைத்தார்கள். இன்றும் பல நர்சரிப் பலகைகளில் தாம்னோகலாமஸ் டெஸ்ஸலேட்டஸ் என்றே இருக்கும். மரபணுவைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் இமயமலைக் கூட்டத்தோடு இது சேராது என்று தெளிவானது. 2013-இல் தாவரவியலார் கிறிஸ் ஸ்டேபிள்டன் இதற்கென்றே பெர்க்பாம்போஸ் என்ற தனிப் பேரினத்தை உண்டாக்கினார். அதில் இருப்பது இந்த ஒரே இனம். கிழக்கு ஆப்பிரிக்க மலைகளில் காடாகவே நிற்கும் மூங்கிலுக்கும் அதே கட்டுரையில் ஓல்டியானியா என்று புதுப்பெயர் கிடைத்தது.

பெயர் மாற்றம் வெறும் ஏட்டு வேலை என்று தோன்றலாம். ஆனால் தனிப் பேரினம் என்றால், இந்த மலையில் இது போனால் உலகில் வேறெங்கும் இதற்கு நெருங்கிய உடன்பிறப்பு இல்லை என்று அர்த்தம்.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. குளிர்நாட்டு மூங்கில் கூட்டத்தின் பெரும்பகுதி சீனாவிலும் ஜப்பானிலும் இமயமலையிலும் இருக்கிறது. அங்கிருந்து விலகி, உயர்ந்த மலைகளில் தீவு தீவாக ஒதுங்கி நிற்பவை சில. டிராக்கன்ஸ்பெர்க் ஒன்று. இன்னொன்று நீலகிரி, ஆனைமலைச் சோலைக்காடுகளும் இலங்கையின் ஹார்ட்டன் சமவெளியும். அங்கே வளரும் மெல்லிய மலைமூங்கில்களுக்கு 2014-இல் குருணா என்ற பேரினம் தரப்பட்டது. அவையும் ஒரு காலத்தில் அருண்டினாரியா என்ற அதே பெட்டிக்குள் கிடந்தவை. இரண்டும் தனித்தனிக் கிளைகள்தான், ஆனாலும் ஒரே கூட்டம். ஊட்டிச் சோலை ஓரத்தில் பனியில் நனைந்து நிற்கும் சிற்றிலை மூங்கிலைப் பார்த்தவர்களுக்கு அண்டர்பெர்க்கில் நிற்பது அந்நியமாகத் தெரியாது. 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளராக நட்டாலுக்கு வந்து இறங்கியவர்கள் கரும்புக் காட்டோடு கடற்கரையில் நின்றுவிட்டார்கள். மேலே மலையில் இப்படி ஒரு சொந்தம் நிற்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்!

## அதை நம்பி யார் இருக்கிறார்கள்

டிராக்கன்ஸ்பெர்க் அடிப்படையில் புல்வெளி. காட்டுத்தீயும் கோடை மழையும் சேர்ந்து வளர்த்த புல்வெளி. அதில் பெர்க் மூங்கில் எங்கும் பரவிக் கிடக்காது. ஓடை இடுக்குகள், மணற்பாறைச் செங்குத்தின் அடிவாரம், தெற்கு பார்த்த ஈரச்சரிவு என்று தீ எளிதில் எட்டாத இடமாகப் பார்த்துத் தூர்கட்டி நிற்கும். அந்த இடத்தேர்வே அதன் பயனைச் சொல்லிவிடுகிறது.

ஓடைக் கரையில் அதன் மட்டத்தண்டுகள் ஒன்றோடொன்று பின்னி மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. கோடையில் இடியோடு கொட்டும் மழை செங்குத்தான சரிவில் இறங்கும்போது இந்தப் பின்னல்தான் கரையைக் காக்கிறது. குளிர்காலத்தில் சுற்றிலும் புல் காய்ந்து வெளுத்துப்போன பின்னும் அது பச்சையாக நிற்பதால், சிறு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் ஒதுங்க ஒரு கூரை இருக்கிறது.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு பட்டாம்பூச்சி. மெட்டிசெல்லா சிரிங்க்ஸ் என்று பெயர். ஆங்கிலத்தில் மூங்கிலின் பெயரையே சேர்த்து அழைக்கிறார்கள். பழுப்புநிறச் சிறகில் மஞ்சள் புள்ளிகள். சிறகை விரித்தால் மூன்று, மூன்றரை சென்டிமீட்டர்தான். தென்னாப்பிரிக்காவைத் தவிர வேறெங்கும் கிடையாது. அதன் புழு தின்னும் செடி பெர்க் மூங்கில். தோட்டத்தில் சீன மூங்கில் எத்தனை நட்டாலும் அந்தப் புழுவுக்குச் சாப்பாடு ஆகிவிடாது. ஒரு சொந்தச் செடிக்கும் அழகுக்காகக் கொண்டுவந்த செடிக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மனிதர்களும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சூலுக்களின் தோல் கேடயங்களுக்கு இதன் கழி பயன்பட்டதாகப் பழைய பதிவுகள் உண்டு. வளையாமல் நிமிர்ந்து நிற்கும், எடையும் இருக்காது.

அப்படியானால் புல்வெளியெங்கும் இதை நட்டுவிடலாமே என்று கேட்கக்கூடும். கூடாது. புல்வெளியில் மரமும் புதரும் வந்து ஏறினால் ஓடைக்குப் போகும் நீர் குறையும். ஆஸ்திரேலிய வாட்டில் மரம் மலைச்சரிவுகளில் பரவி நீரைக் குடித்த அனுபவம் இந்த நாட்டுக்கு உண்டு. அதை அகற்றவே 1995-இல் அரசு ஒரு பெரிய வேலைத்திட்டம் தொடங்கியது. சொந்தச் செடி என்பதாலேயே அது இல்லாத இடத்திலும் நடலாம் என்றாகாது. மலையில் அது தானாகத் தேர்ந்துகொண்ட ஓடை இடுக்கு அதற்குப் போதும்.

## பூக்கும் கணக்கு

மூங்கில் பூத்தால் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாத சொல் அது.

பெரும்பாலான மூங்கில்கள் வாழ்நாளில் ஒரே தடவை பூக்கும். பல பத்தாண்டுகள் இலையும் கழியுமாக மட்டும் வளர்ந்து, ஒரு நாள் கூட்டத்தில் உள்ள எல்லாத் தூரும் ஒரே சமயத்தில் பூத்து, நெல் போல விதை கொட்டி, காய்ந்து சாகும். பெர்க் மூங்கிலுக்கு அந்தச் சுழற்சி சுமார் 45 ஆண்டு என்று குறித்திருக்கிறார்கள். இப்படி ஒரே நேரத்தில் பூப்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம்: வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக விதைத்தால் எலியும் பறவையும் மொத்தத்தையும் தின்றுவிடும், ஒரேயடியாகக் கொட்டினால் தின்று தீர்க்க முடியாது, மிச்சம் முளைக்கும்.

மிச்சத்தைத் தின்ன முடியாத எலிகள் சும்மா இருப்பதில்லை. பல்கிப் பெருகும். விதை தீர்ந்ததும் வயலுக்கும் களஞ்சியத்துக்கும் இறங்கும். மிசோரமில் இதற்கு மௌதாம் என்றே பெயர். 1959 வாக்கில் வந்த மௌதாம் பெரும் பஞ்சத்தில் முடிந்து, அங்கே ஒரு அரசியல் கிளர்ச்சிக்கே வித்திட்டது. கணக்குப்படி 2007 வாக்கில் அது மறுபடி வந்தது. அது வேறு மூங்கில், பெருங்காடாக நிற்பது. டிராக்கன்ஸ்பெர்க்கில் தூர்கள் சிதறிக் கிடப்பதால் அப்படி ஒரு பேரழிவுக்கு இடமில்லை. ஆனால் ஓடையோரத் தூர்கள் ஒரே சமயத்தில் செத்துப்போனால் கரையும் அந்தப் பட்டாம்பூச்சியும் நாற்றுகள் வளரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

தோட்டக்காரருக்கு இந்தக் கணக்கு பணக் கணக்காகவும் ஆகும். அழகு மூங்கில்களில் உலகப் புகழ் பெற்றது ஃபார்கேசியா முரியேலே. சீனாவின் ஹூபே மாகாணத்து மலையில் 1907-இல் எர்னஸ்ட் வில்சன் என்ற செடிசேகரிப்பாளர் எடுத்து வந்தது. அவர் மகள் முரியேலின் பெயர் இதற்கு வைக்கப்பட்டது. ஐரோப்பாவில் பரவிய செடிகள் எல்லாம் அந்த ஒரே செடியைப் பிரித்துப் பிரித்து நட்டவை. 1970-களில் டென்மார்க்கில் ஒன்று பூக்கத் தொடங்கியது. 1980-களின் கடைசியிலும் 1990-களிலும் நாடு நாடாக, தோட்டம் தோட்டமாகப் பூத்து ஒட்டுமொத்தமாகச் செத்தன. நேற்று வாங்கி நட்டவருடையதும் செத்தது, ஐம்பது வருஷம் முன்னால் நட்டவருடையதும் செத்தது. எங்கே பிரிந்து போனாலும் அவை அனைத்துக்கும் வயது ஒன்றே. இன்று விற்பனைக்கு வருபவை அந்தப் பூப்பில் விழுந்த விதைகளின் தலைமுறை.

ஆகவே நர்சரியில் தூர்கட்டும் மலைமூங்கில் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை அடி வளரும்’ என்பது அல்ல. ‘இது விதையில் வந்ததா, தூரைப் பிரித்ததா? தாய்ச்செடியின் வயது என்ன?’ என்பதுதான். பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

## தோட்டத்தில் எங்கே, எப்படி

முதலில் ஏமாற்றம் தரும் செய்தி. டர்பன் கடற்கரைக்கு மலைமூங்கில் ஒத்துவராது. அதற்குக் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை, புழுங்கும் இரவுதான் எமன். ஜனவரி, பிப்ரவரியில் இரவும் வெப்பம் இறங்காத இடத்தில் பெர்க் மூங்கிலும் சரி, சீனத்து ஃபார்கேசியாவும் சரி, இலை கருகிக் கருகி மெலியும். கடலோரத்தில் தூர்கட்டும் மூங்கில்தான் வேண்டுமென்றால் வெப்பமண்டல வகைகளில் தேட வேண்டும்.

மாரிட்ஸ்பர்க்கிலிருந்து மேலே ஏறினால் கதை மாறுகிறது. ஹாவிக், நாட்டிங்ஹம் ரோடு, அண்டர்பெர்க் என்று உறைபனி விழும் ஊர்களில் வாழையும் செம்பருத்தியும் கருகும் இடத்தில் இது ஜம்மென்று நிற்கும். மலையிலிருந்து திடீரென்று இறங்கும் பெர்க் காற்று மட்டும் அதற்கும் எதிரி. வறண்ட வெப்பக் காற்று ஈரத்தை உறிஞ்சும்போது இலை நீளவாக்கில் சுருண்டுகொள்ளும். தண்ணீர் ஊற்றினால் மறுநாள் விரிந்துவிடும். சுருட்டலைப் பார்த்துச் செடி போச்சு என்று பிடுங்கிவிட வேண்டாம்.

நடுகிறவர்களுக்கு வேலை முறை:

1. மலையிலிருந்து தோண்டி எடுத்து வராதீர்கள். உக்காலாம்பா-டிராக்கன்ஸ்பெர்க் 2000-இலிருந்து உலகப் பாரம்பரிய இடம். பூங்காவுக்குள் செடி எடுப்பது சட்டப்படி குற்றம். அது ஒருபுறமிருக்க, வேர் அறுந்த மலைத்தூர் பெரும்பாலும் பிழைப்பதும் இல்லை.

2. குச்சி வெட்டி நட்டால் வராது. நம் ஊர்ப் பருத்த மூங்கிலைக் கணுவோடு வெட்டிப் புதைத்தால் முளைக்கும், அந்தப் பழக்கம் இங்கே செல்லாது. மட்டத்தண்டோடு மூன்று நான்கு கழிகள் சேர்ந்த துண்டாகத் தூரைப் பிரித்து, ஆகஸ்டு கடைசியில், புதுமுளை கிளம்புமுன் நட வேண்டும்.

3. காலை வெயில், பிற்பகல் நிழல். ஈரம் தங்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. உதிர்ந்த இலையைக் கூட்டித் தள்ளாமல் தூரடியிலேயே விட்டுவிட்டால் அதுவே உரம்.

4. தூர் அடைத்துக்கொண்டால் வயதான கழிகளைத் தரையோடு வெட்டி எடுங்கள். எது வயதானது? மடல் புதிதாக இறுகிப் பொதிந்திருப்பது இந்த வருஷத்தது. மடல் கிழிந்து, தண்டில் பாசி படிந்து, கிளை பெருத்திருப்பது பழசு. நடுவில் வெட்டி மொட்டையடித்தால் அழகும் போகும், கழியும் மறுபடி உயராது. மூங்கில் முளைக்கும்போதே அதன் பருமனும் ஒரே பருவத்தில் அதன் உயரமும் தீர்மானமாகிவிடுகிறது.

தடுப்புச் சுவரோ பிளாஸ்டிக் தகடோ புதைக்க வேண்டியதில்லை என்பது தூர்கட்டும் மூங்கிலின் பெரிய சௌகரியம். தைப்பூசத்துக்குக் காவடி வளைக்க இதன் கழி உதவுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மெல்லியதாக, நேராக இருப்பதால் அலங்காரக் குச்சிக்கு ஆகும். தோளில் பாரம் தாங்கும் சட்டத்துக்கும், பக்கத்து இந்திக்காரர் வீட்டு ஜண்டாக் கொடிக்கும் அந்தப் பழைய பால்கூவா மூங்கிலே சரி.

## இனி அந்தப் படிவம்

‘மூங்கில்’ என்ற பெயரில் ஒரு செடி பட்டியலில் இருக்காது. பட்டியல் இனவாரியானது, ஒவ்வொன்றுக்கும் 1ஏ, 1பி, 2, 3 என்று ஒரு பிரிவு. திருத்தங்களும் வந்துகொண்டிருக்கும். ஆகவே முதலில் இனம் எதுவென்று தெரிய வேண்டும், பிறகுதான் பட்டியலைப் பார்க்க வேண்டும். வேலி ஓரத்தில் நிற்பது பெருநாணலாக இருந்தால் எழுதித்தான் ஆக வேண்டும். பெர்க் மூங்கில் அயல் செடியே அல்ல, அதை அங்கே எழுத வேண்டியதில்லை. மற்ற மூங்கில்களுக்கு, கழியின் அடி, கணு, கிளை, இலை நான்கையும் கிட்டப் போய்ப் படம் பிடித்து, மட்டத்தண்டுத் துண்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு, செடி அடையாளம் தெரிந்தவரிடம் காட்டிப் பெயரை உறுதிசெய்யுங்கள். தூரத்தில் நின்று எடுத்த படத்தை வைத்துக்கொண்டு யாராலும் மூங்கிலுக்குப் பெயர் சொல்ல முடியாது.

ஓடும் மூங்கில் பட்டியலில் இல்லாமல் போனாலும் வாங்குகிறவரிடம் வாயால் சொல்லிவிடுவது நல்லது. அடுத்த கோடையில் அது அவர் வீட்டுக் குளியலறை ஓரம் முளைக்கும்போது முதல் தொலைபேசி உங்களுக்குத்தான் வரும்.